கற்பவர் முன் திறக்கும் காயம்

‘ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்’ என்று நம்மிடையே வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ‘ஆயிரம் வேரைக் கொன்றவன்’ என்பதே பழைய வழக்கு என்றும், மூலிகை வேர்களைத் தோண்டிப் பழகியவனைக் குறித்த சொல் மக்கள் நாவில் திரிந்துவிட்டது என்றும் விளக்கம் தருவோர் உளர். எது சரியாயினும், இரண்டுக்கும் பொதுவான உண்மை ஒன்று உண்டு. பழகாமல் எவரும் வைத்தியர் ஆவதில்லை. தச்சுத்தொழில் பழகுபவன் சில பலகைகளைக் கெடுக்கலாம், பலகைக்கு நோவில்லை. ஆனால் பழகும் பொருள் மற்றொரு மனிதரின் நெஞ்சில் ஆறாது கிடக்கும் துயரமாக இருந்தால், அதைத் தொட்டுப் பழகும் உரிமை கற்பவருக்கு எங்கிருந்து வருகிறது?

இது வெறும் கற்பனைக் கேள்வியன்று. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மருத்துவ உளவியலில் முனைவர் பட்டம் பெற விழைவோர், வகுப்பறைப் பாடத்தோடு செய்முறைப் பயிற்சியும் பெற்றாக வேண்டும். உதவி நாடி வருவோரை, தேர்ந்த உளவியலாளர் ஒருவரின் மேற்பார்வையில் அவர்கள் நேரில் சந்திக்கின்றனர். போரினாலும் வன்முறையாலும் விபத்தினாலும் பாலியல் கொடுமையாலும் உள்ளம் அடிபட்டவர்களின் நிலையை மதிப்பிடக் கற்பது அப்பயிற்சியின் கடினமான பகுதிகளுள் ஒன்று. அவர்கள் வழங்கும் ‘ட்ராமா’ என்னும் சொல்லுக்குக் கிரேக்கத்தில் காயம் என்று பொருள். தமிழில் ‘மனவடு’ என்கிறோம். வள்ளுவர் புண்ணையும் வடுவையும் பிரித்துக் காட்டிய நுட்பத்தை எண்ணினால் இச்சொல்லின் பொருத்தம் விளங்கும்.

அமெரிக்க உளமருத்துவக் கழகம் 1980-இல் தன் நோய்வகை நூலின் மூன்றாம் பதிப்பில் இத்துயருக்குத் தனியிடம் தந்தது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களின் வேதனை அதற்கு ஒரு முக்கியத் தூண்டுதலாயிற்று. அடுத்த பத்தாண்டுக்குள், அந்நாட்டுப் படைவீரர் நலத்துறையைச் சார்ந்த தேசிய மையம் இதற்கென ஒரு நேர்காணல் முறையை வகுத்தது. ‘கேப்ஸ்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் அதன் இன்றைய வடிவில் 30 கூறுகள் உள்ளன. நடத்தி முடிக்க 45 முதல் 60 நிமிடங்கள் ஆகும். அச்சக் கனவுகள் வருகின்றனவா, எத்தனை முறை, எவ்வளவு கடுமையாக என்று கேட்டு, 20 அறிகுறிகள் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் இட வேண்டும். எவரிடமும் சொல்லாததை ஒருவர் முதன்முறையாகச் சொல்லும் வேளையில், எதிரே தாளும் எழுதுகோலுமாக அமர்ந்திருப்பவர், எண்ணை எங்கே இடுவதென்று தடுமாறும் இருபது வயதுகளின் மாணவராகவும் இருக்கலாம்.

இது தகுமா? ‘இன்று ஒருவர் தடுமாறிக் கற்றால்தான் நாளை நூறு பேருக்கு உதவி கிட்டும்’ என்பர் ஒரு சாரார். உண்மைதான். ஆயினும் அந்த நூறு பேரின் நலனுக்கு விலை கொடுப்பவர் இன்று எதிரே அமர்ந்திருக்கும் ஒருவர். அவருடைய கண்ணீரைப் பிறருக்கான பாடநூலாக்குவது, மனிதரைக் கருவியாக்கும் செயல் அன்றோ? ‘அப்படியானால் கேளாமலே விட்டுவிடுவது மேல்’ என்பர் மறு சாரார். இதுவும் முழு உண்மையன்று. கேட்கப்படாத துயரம் கண்டறியப்படுவதில்லை, கண்டறியப்படாதது குணப்படுத்தப்படுவதுமில்லை. கொடுந்துயர் கண்டோரிடம் நடத்திய ஆய்வுகள் பலவும், பரிவோடும் முறையோடும் கேட்டால் பெரும்பாலோர் அதைத் தாங்கிக்கொள்கின்றனர் என்றே காட்டுகின்றன. ‘கேட்டால் இவர் உடைந்துபோவார்’ என்னும் மாணவரின் அச்சத்தில், ‘கேட்டால் நான் உடைந்துபோவேன்’ என்னும் அச்சமும் ஒளிந்திருக்கக்கூடும். மௌனம் எப்போதும் இரக்கம் ஆகாது.

அதே வேளையில், சொல்லச் செய்வதே மருந்து என்று நம்பிவிடவும் கூடாது. 1980-களில் தொடங்கி, பேரிடர் நிகழ்ந்த உடனேயே மக்களை அமரவைத்து, நடந்ததையெல்லாம் ஒரே அமர்வில் கொட்டச் செய்யும் வழக்கம் பல நாடுகளில் பரவியது. நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டதுதான். ஆனால் அது பின்வரும் நோயைத் தடுப்பதில்லை என்றும், சிலருக்குத் தீங்காகவும் முடியலாம் என்றும் பின்னர் வந்த ஆய்வுகள் உணர்த்தின. உலக சுகாதார நிறுவனம் 2011-இல் பிற அமைப்புகளோடு வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு, நடந்ததைச் சொல்லும்படி எவரையும் வற்புறுத்தலாகாது என்று அறிவுறுத்துகிறது. ஆக, கேட்பதும் தானே நன்மையன்று. கேளாமையும் தானே நன்மையன்று. எந்த நிலையில் நின்று கேட்கிறோம் என்பதே அறத்தின் எல்லைக்கோடு.

அந்த நிலையை மூன்று கடமைகளாக வகுத்துக்கொள்ளலாம் என்று நமக்குத் தோன்றுகிறது. முதலாவது, உண்மை. சிகிச்சை தருபவர் பயிற்சி பெறும் மாணவர் என்றால், அதையும் மேற்பார்வையாளரின் பெயரையும் வந்தவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அமெரிக்க உளவியல் கழகத்தின் அறநெறி விதிகள் கூறுகின்றன. ‘நான் இன்னும் கற்றுக்கொண்டிருப்பவர்’ என்று சொல்வதால் மாணவரின் மதிப்பு குறைவதில்லை. எதிரே இருப்பவர் மனிதராக மதிக்கப்படுகிறார். ‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமை அவர் கைக்கு வருகிறது. அந்த உரிமையோடு அவர் தரும் இசைவு, அவரைக் கருவி நிலையிலிருந்து உயர்த்திக் கொடையாளர் ஆக்குகிறது.

இரண்டாவது, அளவு. ‘கேப்ஸ்’ முறையில் நிகழ்ந்த கொடுமையைப் பற்றிச் சுருக்கமான விவரமே போதும். ஒவ்வொரு கணத்தையும் தோண்டத் தேவையில்லை. தேவைக்கு மேல் கேட்கப்படும் கேள்வி, மாணவரின் ஆர்வத்துக்குத் தீனியாகுமேயன்றி வந்தவருக்கு மருந்தாகாது. எங்கே கேட்க வேண்டும் என்பதைத் தாள் கற்றுத்தரும். எங்கே நிறுத்த வேண்டும் என்பதை ஆசிரியர்தாம் கற்றுத்தர வேண்டும். அதனால்தான் சக மாணவரிடம் நடித்துப் பழகுவதும், ஒலி, ஒளிப் பதிவுகளை ஆசிரியரோடு அமர்ந்து ஆராய்வதும் இப்பயிற்சியில் இடம்பெறுகின்றன. முதல் தவறுகள் நடிப்பிலேயே செலவாகிவிடட்டும்.

மூன்றாவது, திருப்பித் தருதல். பெற்ற விவரத்தை எண்ணாக்கிக் கோப்பில் இட்டு, மாணவர் தம் பயிற்சி மணிநேரக் கணக்கில் எழுதிக்கொள்வதோடு காரியம் முடிந்தால், அது எடுத்துக்கொண்டதேயாகும். ‘உங்களுக்கு நேர்ந்திருப்பது இது; இதற்குப் பெயர் உண்டு; இதற்கு வழியும் உண்டு’ என்று அவர் மொழியிலேயே விளக்கிச் சொல்லும்போதுதான் எண் மீண்டும் மனிதரிடம் வந்து சேர்கிறது. தமக்கு மட்டுமே நேர்ந்த சாபம் என்று எண்ணியிருந்தவருக்கு அந்தப் பெயரே ஓர் ஆறுதலாகலாம்.

கற்பவரும் மரமல்லர் என்பதை மறக்கலாகாது. பிறர் துயரை நாள்தோறும் கேட்பவர் உள்ளமும் மெல்ல அடிபடும் என்பதை அமெரிக்க உளவியலாளர்கள் மெக்கனும் பேர்ல்மனும் 1990-இலேயே விரித்து எழுதினர். மாணவரைத் தனியே அனுப்பிவிட்டு மதிப்பெண்ணை மட்டும் சரிபார்க்கும் ஆசிரியர், இரு காயங்களுக்குப் பொறுப்பேற்க வேண்டியவர் ஆகிறார்.

அப்படியானால், தொடும் உரிமை எங்கிருந்து வருகிறது? பட்டத்திலிருந்தோ, நாளை பயன்பெறப்போகும் நூறு பேரிடமிருந்தோ அன்று. எதிரே அமர்ந்திருக்கும் ஒருவர் இசைந்து தருவதால் மட்டுமே வருகிறது. அது சொத்தன்று, கடன். அந்த ஒருவருக்குச் செலுத்த வேண்டியதை அன்றே, அந்த அறையிலேயே செலுத்தியாக வேண்டும். எஞ்சியதை வாழ்நாளெல்லாம், இனி வரவிருப்போருக்குச் செலுத்திக்கொண்டே இருக்கலாம். நன்கு கற்றவர் என்று நாம் எவரையேனும் அழைப்பதானால், தாம் யாருடைய துயரத்தால் கற்றோம் என்பதை மறவாதவரை அழைப்போம்.