ஒரே சிப், பல பெயர்கள்

ஆர்டிஎக்ஸ் 4080 வேண்டும் என்று கடையில் கேட்டால் "எந்த 4080?" என்று திருப்பிக் கேட்பார்கள். சிப்பை வடிவமைப்பது என்விடியா. அதை வாங்கித் தன் பலகையில் பொருத்தி, மேலே ஹீட்சிங்கும் விசிறிகளும் மாட்டி விற்பது வேறு வேறு கம்பெனிகள். ஒவ்வொரு கம்பெனியும் சாதாரணமாக ஒன்று, ஓசி என்று ஒன்று, அதற்கும் மேலே பளபளவென்று ஒன்று என வகை வகையாக வைத்திருக்கும். உள்ளே இருப்பது ஒரே சிப்.

2023இல் ஏற்காடு நாகலூரில் இருக்கும் என் நண்பன் இப்படி இரண்டு வகைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டான். விலை வித்தியாசம் இருபதாயிரத்துக்குப் பக்கம். வீட்டில் காப்பித் தோட்டம். இவனுக்கு வேலை சினிமாவுக்கான த்ரீடி. ராத்திரி முழுக்க ரெண்டர் ஓடும். 4080 முழு வேகத்தில் 320 வாட் வரை இழுக்கும், விசிறிகள் இரையும். மலையில் இருட்டிய பிறகு வேறு சத்தமே கிடையாது என்பதால் அடுத்த அறையில் அவன் அப்பாவுக்குத் தூக்கம் போய்விடுகிறது. அதனால் வாட்டர் கூலிங் போடுவது என்று முடிவாகிவிட்டது. எந்த கார்டு என்பதுதான் பாக்கி.

வாட்டர் கூலிங் செய்பவன் கார்டு வந்ததும் முதலில் செய்வது, திருகாணிகளைக் கழற்றி விசிறிகளையும் ஹீட்சிங்கையும் பிரித்தெடுப்பது. அந்த இடத்தில் வாட்டர் பிளாக் என்ற செம்புக் கட்டி உட்காரும். சிப்பின் சூட்டை அது வாங்கி உள்ளே ஓடும் தண்ணீரிடம் கொடுக்கும். தண்ணீர் அதை ரேடியேட்டர் வழியாகக் காற்றில் விட்டுவிட்டுத் திரும்பி வரும். ஆக, மேல்வகைக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி எதற்குப் போகிறதோ அதைத்தான் முதல் நாளே கழற்றி வைக்கிறோம். மிஞ்சுவது கொஞ்சம் தடித்த பலகையும் கொஞ்சம் ஏற்றி வைத்த வேகமும். 4080க்கு என்விடியா சொல்லும் பூஸ்ட் வேகம் 2505 மெகாஹெர்ட்ஸ். ஓசி வகைகள் அதற்கு மேல் ஐந்தாறு சதவீதம் ஏறினாலே அதிகம். அந்த அளவை நாமே சாஃப்ட்வேரில் ஏற்றிப் பார்க்கலாம். போதாததற்கு, வாட்டர் பிளாக் ஒவ்வொரு பலகையின் அமைப்புக்கும் தனியாகச் செய்யப்படுவது. பலரும் பின்பற்றும் பொதுவான பலகை கொண்ட கார்டுக்கு அது சுலபமாகக் கிடைக்கும். சொந்தப் பலகை போட்ட உயர்வகைக்குத் தேடி அலைய வேண்டும்.

கணக்கு இங்கேயே முடிந்துவிட்டது. நண்பன் விடவில்லை. "மேல மூடிட்டா யாருக்கும் தெரியாதுதான்டா. உள்ள நல்லது இருக்குன்னு எனக்குத் தெரியுமில்ல?"

இதை வறட்டு ஜம்பம் என்று தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை. பட்டு சுற்றி மறைத்துவிடும் உற்சவமூர்த்தியின் முதுகையும் ஸ்தபதி முழுசாகத்தான் முடிக்கிறார். யாரும் பார்க்காத இடத்தில் நல்லது இருக்க வேண்டும் என்பது மட்டமான ஆசை இல்லை. ஆனால் ஸ்தபதிக்கு அந்த முதுகு தெரியும். இவனுக்கு என்ன தெரியும்? பெட்டியில் அச்சடித்த பெயரும் விலையும்.

அந்தப் பெயரை எவ்வளவு நம்பலாம்? சூடாமணி நிகண்டில் ஒரு சொல்லுக்குப் பல பொருள் சொல்லவென்றே தனித் தொகுதி உண்டு. புலவர்களுக்கு அது செல்வம், கடையில் அது ஏமாற்று. 2022 செப்டம்பரில் என்விடியா 4080 என்ற ஒரே பெயரில் இரண்டு கார்டுகளை அறிவித்தது, 16 ஜிபி ஒன்று, 12 ஜிபி ஒன்று. மெமரியில்தான் வித்தியாசம் என்று யாருக்கும் தோன்றும். சிப்பே வேறு. ஒன்றில் 9,728 கோர்கள், மற்றதில் 7,680. எதிர்ப்பு கிளம்பியதும் அக்டோபரில், விற்பனைக்கு வருமுன்பே 12 ஜிபியைத் திரும்பப் பெற்றார்கள். 2023 ஜனவரியில் அதுவே 4070 டிஐ என்று வந்தது. 2016இல் வந்த ஜிடிஎக்ஸ் 1060இலும் இதே கதைதான்: 6 ஜிபி கார்டில் 1,280 கோர்கள், 3 ஜிபி கார்டில் 1,152. அதற்கு மட்டும் பெயர் மாறவில்லை, கடைசிவரை அப்படியே விற்றார்கள். ஒரே சிப்புக்குப் பத்துப் பெயர் வைத்தால் நம் பர்ஸுக்கு நஷ்டம், அவ்வளவுதான். திருகாணியைக் கழற்றினால் குட்டு வெளிப்பட்டுவிடும். இரண்டு சிப்புக்கு ஒரே பெயர் வைப்பதை நான் பொய் என்றே சொல்வேன்.

அதற்காகத் தரம் பிரிப்பதே தப்பு என்று சொல்ல மாட்டேன். 4080க்குள் இருக்கும் ஏடி103 சிப்பில் மொத்தம் 80 கூறுகள். 4080இல் திறந்திருப்பவை 76. மீதி நாலும் தயாரிப்பில் பழுதானதால் அடைக்கப்பட்டவையா, நன்றாக இருந்தும் விலைப்பட்டியலுக்காக அடைக்கப்பட்டவையா என்று வாங்குகிறவனுக்குத் தெரிய வழியில்லை. இதைக் கேட்டு நண்பனின் அப்பா ஆச்சரியப்படவே இல்லை. "காப்பியும் அப்படித்தானே தம்பி" என்றார். ஒரே செடியில் பறித்த கொட்டைதான், சல்லடையில் பிரித்தால் பிளான்டேஷன் ஏ, பி, சி. சல்லடை அளப்பது பருமனை, ருசியை இல்லை. ஒரு பழத்தில் இரண்டு கொட்டை இருக்க வேண்டும். ஒன்று வளராமல் போய் மற்றது தனியாக உருண்டு திரண்டால் அது பீபெரி. சிப்பில் குறை விலையைக் குறைக்கிறது, காப்பியில் குறையே விலையை ஏற்றுகிறது! "பீபெரின்னு சாக்குல எழுதினா உள்ள பீபெரிதான் இருக்கணும். அது ஒசத்தியா இல்லையாங்கறது குடிக்கிறவங்க பாடு" என்றார். அன்று எங்களுக்குக் கிடைத்த காப்பி, விலைக்குப் போகாத உடைசலில் போட்டது. பிரமாதமாக இருந்தது.

நானும் நண்பனும் இருநூறுக்குக் கட்ஆஃப் போட்டு சலிக்கப்பட்டவர்கள். கணக்குக்கு நூறு, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது. அரை மார்க்கில் கல்லூரி மாறிப்போனவர்களை எங்களுக்குத் தெரியும். அந்தச் சல்லடையை இன்றும் திட்டுகிற நாங்கள், ஒரு கார்டின் பெயருக்குப் பின்னால் இரண்டு எழுத்து கூடியதும் உள்ளே இருப்பது உயர்ந்தது என்று எப்படி நம்பினோம்? நண்பனிடம் இதைக் கேட்டேன். பதில் சொல்லாமல் கொஞ்ச நேரம் வெளியே சில்வர் ஓக் மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வாட்டர் கூலிங்கால் சிப்பை அறையின் வெப்பத்துக்குக் கீழே கொண்டுபோக முடியாது. கோடையில் சேலம் நாற்பது டிகிரியில் காயும்போது, இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தால் இவன் அறை பத்து டிகிரிக்கு மேல் குளிர்ந்து கிடக்கும். எந்த உயர்வகையும் அதைத் தராது, அவன் அதற்குப் பணமும் கொடுக்கவில்லை. இதையும் சொன்னேன்.

சாதாரணத்தையே வாங்கினான். அதன் விசிறிகளும் ஹீட்சிங்கும் ஒரு நாள்கூடச் சுற்றாமல், ஒரு நாள்கூடச் சூடேறாமல் காப்பி மூட்டைகளுக்குப் பக்கத்தில் அட்டைப்பெட்டியில் இருக்கின்றன. வாரண்டிக்கு அனுப்ப நேர்ந்தால் பழையபடி மாட்டித்தான் அனுப்ப வேண்டும், அதனால் மூன்று வருஷம் தூக்கிப்போட முடியாது. எடைக்குப் போட்டுவிடலாமா என்று அப்பா இதுவரை இரண்டு தடவை கேட்டுவிட்டாராம்.