மணலின் சூடு

எங்கப்பா மூலனூர் விற்பனைக்கூடத்து ஏலத்துக்குப் பருத்தி மூட்டை ஏற்றிப்போன விவசாயி. ராத்திரிச் சாப்பாடு முடிந்தால் திண்ணையில் சைவ சித்தாந்தம் பேசுவார். குரு சீடனுக்குத் தரும் தீட்சைகளை அவர் சொல்லித்தான் கேட்டேன். பறவை முட்டையைத் தொட்டு அடைகாக்கும். அது பரிச தீட்சை. மீன் பார்த்தே பொரிக்கும். அது நயன தீட்சை. ஆமை கரையில் முட்டையிட்டுவிட்டுக் கடலுக்குள் இருந்தபடி நினைத்தே பொரிக்கும். அது மானச தீட்சை. “நெனப்புக்குத் தூரமே கெடையாது கண்ணு” என்பார்.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது அந்தச் சொல்லைத்தான் பிடித்துக்கொண்டேன். நான் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவள். பிள்ளைகளின் தோளைத் தட்டிக்கொடுக்க முடியவில்லை, முகம் பார்க்கவும் வழியில்லை. வாட்ஸ்அப்பில் பாடம் அனுப்பினேன். சாயங்காலம் விளக்கேற்றி, வருகைப் பதிவேட்டைத் திறந்து ஒவ்வொரு பெயராக வாசித்துக் கும்பிட்டேன். தொடவும் பார்க்கவும் முடியாத இடத்தில் நினைத்தால் போதும் என்று நம்பினேன்.

ஒரு பெண் மட்டும் மூன்று வாரமாக எதுவும் கேட்கவில்லை. “நல்லா இருக்கேன் டீச்சர்” என்று ஒரே வரி வரும். ஆகஸ்டில் ஒருநாள் முகக்கவசத்தோடு அவள் வீட்டுக்குப் போனேன். முருங்கைக் காட்டுக்கு நடுவில் ஓட்டு வீடு. அம்மா பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். காலை ஏழு மணிக்கு வேன் ஏறினால் இரவு எட்டரைக்குத்தான் இறங்குவார். வீட்டின் ஒரே செல்போன் அவரோடு போய்விடும். இவள் கைக்கு அது வரும்போது குழுவில் எல்லாரும் பேசி முடித்திருப்பார்கள். அதற்குப் பிறகு சந்தேகம் கேட்க அவளுக்குக் கூச்சம்.

அவளுடைய அம்மாயி, அம்மாவைப் பெற்றவர், வாசலில் முருங்கைக்காய் கட்டிக்கொண்டிருந்தார். “பள்ளிக்கூடம் இருந்தப்ப வாயே ஓயாதுங்க டீச்சரு. இப்ப சோறு வேணுமான்னு கேட்டாக்கூடத் தலையத்தான் ஆட்டுறா” என்றார். அந்தப் பிள்ளை சுவரோரமாக நின்று கால்விரலால் தரையைக் கீறிக்கொண்டிருந்தாள். மூன்று வாரமும் நான் கும்பிட்டிருந்தேன். அதில் ஒரு சொட்டுகூட அவளை வந்து சேர்ந்திருக்கவில்லை.

அப்படியானால் எங்கப்பா சொன்னது பொய்யா? அன்றிரவு அதையே யோசித்துக் கிடந்தேன். நினைப்பு இன்னொரு உயிரைச் சென்று சேருமா என்ற கேள்வி எனக்கு அதுவரை சாஸ்திரக் கேள்வியாக இருந்தது. அன்றைக்கு அதற்கு ஒரு பிள்ளையின் முகம் வந்துவிட்டது.

அறிவியல் டீச்சராக ஆமையைப் பற்றி எனக்குத் தெரியும். நம் கடற்கரைக்கு வரும் பங்குனி ஆமை இரவில் கரையேறி, அலை எட்டாத மேட்டைத் தேடி, பின்னங்காலால் குழி தோண்டி, நூறு முட்டைபோல இட்டு மூடிவிட்டுப் போகும். பிறகு திரும்பி வராது. ஏறத்தாழ 50 நாள் அந்த முட்டைகளை அடைகாப்பது மணலின் சூடு. குஞ்சு ஆணா பெண்ணா என்பதுகூட அந்தச் சூட்டைப் பொறுத்தது. ஆமையின் நினைப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டால், அது தேடிப்பிடித்த அந்த மேட்டில் இருக்கிறது என்பேன். நான் இல்லாதபோது என் பிள்ளையைச் சுற்றி எந்தச் சூடு இருக்கும் என்று முன்கூட்டியே பார்த்து வைப்பதுதான் மானசம்.

பெரியபுராணத்து அப்பூதியடிகளும் இதற்குச் சாட்சி. திங்களூரில் இருந்த அவர் அதுவரை நாவுக்கரசரைக் கண்ணால் கண்டதே இல்லை. ஆனாலும் அவர் பெயரில் தண்ணீர்ப் பந்தல் வைத்தார். பார்க்காத குருவின் நினைப்பு வழிப்போக்கரின் தாகம் தீர்த்தது.

மறுநாள் மீண்டும் போய் அம்மாயியிடம் ஒன்று கேட்டுக்கொண்டேன். கல்வித் தொலைக்காட்சியில் பேத்தி பார்க்கும் பாடத்தை, காய் கட்டும் நேரத்தில் தனக்குச் சொல்லித்தரச் சொல்ல வேண்டும். “எனக்கு என்ன தெரியுமுங்க?” என்றார். தெரியாததுதான் வேண்டும் என்றேன். ராத்திரி ஒன்பது மணிக்கு அவளை நான் செல்போனில் கூப்பிடுவேன், பாடம் பேசமாட்டேன். முதல் நான்கு நாள் ஆம், இல்லை என்பதோடு சரி. ஐந்தாம் நாள், “அம்மாயிக்கு ஒளிச்சேர்க்கை புரியவே மாட்டேங்குது டீச்சர்” என்று சிரித்தாள். தூக்கமும் சாப்பாடும் கெட்டுப்போன இன்னொரு பிள்ளைக்கு இது போதவில்லை. அவன் வீட்டாரை 104 உதவி எண்ணில் மனநல ஆலோசகரிடம் பேசவைத்தேன். எல்லா முட்டைக்கும் ஒரே மணல் ஆகாது.

2021 ஜனவரி 19 அன்று பத்தாம் வகுப்பு மீண்டும் திறந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கி, தெருவுக்குத் தெரு தன்னார்வலர்கள் சாயங்காலம் பிள்ளைகளோடு உட்கார்ந்தபோது, அரசும் மணலைத்தான் சூடாக்குகிறது என்று தோன்றியது.

இன்றும் விளக்கின் முன் பதிவேட்டை வாசிக்கிறேன். ஒவ்வொரு பெயரின் பக்கத்திலும் பென்சிலால் ஒரு சொல் இருக்கும்: அம்மாயி, அக்கா, பக்கத்து வீட்டு அண்ணன். பக்கத்தில் எதுவும் எழுதாத ஒரு பெயர் வந்தால், கும்பிடுவதை அங்கேயே நிறுத்திவிட்டுச் செருப்பை மாட்டிக்கொள்கிறேன்.