கொடுத்தவர் பெயரும் கொடுத்ததன் கணக்கும்

நம் வாலிபர்கள் தருமத்திற்குப் பொருள் திரட்டும் முறை மாறிவருகிறது. ரசீதுப் புத்தகத்துடன் கடைப்படி ஏறுவதற்குப் பதிலாக, 2015-ல் சிங்கப்பூரில் தொடங்கப்பெற்ற கிவிங்.எஸ்ஜி போன்ற இணையத்தளங்களில், ஒரு தரும ஸ்தாபனத்தின் பொருட்டுத் தம் பெயரில் ஒரு பக்கம் திறக்கிறார்கள். இத்தனை வெள்ளி வேண்டுமென இலக்குக் குறித்து, கைப்பேசி வழியே தோழர்களுக்கு அனுப்புகிறார்கள். ஐந்தும் பத்துமாக வெள்ளி சேர்கிறது. அது வாலிபர் கைக்கு வராமல் ஸ்தாபனத்துக்கே போய்ச் சேர்கிறது.

இதைக் கண்டு நம்மில் சிலர் முகம் சுளிக்கின்றனர். ஊரறியக் கேட்பதும் ஊரறியக் கொடுப்பதும் முகஸ்துதி ஆகாதா என்கின்றனர். கேள்வி நியாயமானதே. ஆனால், அதை முதலில் நம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டாமா?

நன்கொடைப் பட்டியல் நம் கடைக்கு வந்தபோது நாம் செய்ததென்ன? மேலே யார் பெயர் இருக்கிறதென்றே பார்த்தோம். அடுத்த கடைக்காரர் நூறு எழுதியிருந்தால் நாம் நூற்றொன்று எழுதினோம். வியாபாரம் மந்தமாயிருந்தவரோ கௌரவத்துக்கு அஞ்சிக் கடன்பட்டும் எழுதினார். அது தருமமா, அபராதமா? இன்று திரையில் நேரக்கூடிய பிழை நேற்றே தாளில் நேர்ந்ததுதான்.

வெளிப்படையான தருமத்தைத் திருமறை ஒதுக்கவில்லை. மறைவான தருமத்தை அதனினும் மேலாக வைக்கிறது. ஆகவே பெயர் வேறு, கணக்கு வேறு என்று நாம் பிரித்தறிதல் வேண்டும். பெயர், கொடுத்தவருக்கும் இறைவனுக்கும் இடைப்பட்டது. கணக்கோ சமூகத்துக்கு உரியது. பேரேட்டில் ஒரு காசு இடித்தாலும் உறங்காத நாம், தருமப் பணமென்றால், "அல்லாஹ்வுக்காகக் கொடுத்ததற்குக் கணக்கெதற்கு?" என்று விட்டுவிடுகிறோம். அது பக்தியன்று, அசட்டை.

1975-ல் சிங்கப்பூரில் பள்ளிவாசல் கட்டட நிதி தொடங்கியபோது, முஸ்லிம் ஊழியர்களின் சம்பளத்திலிருந்து மத்திய சேமநிதி வழியாக மாதம் 50 காசு பிடிக்கப்பட்டது. அதில் எவர் பெருமை பேச இடமிருந்தது? அந்நிதியால் எழுந்த முதற்பள்ளி, தோ பாயோவின் முஹாஜிரீன் பள்ளிவாசல், 1977-ல் கட்டி முடிந்தது. பலர் சேர்த்த சிறுதொகை, பெயரின்றியே பள்ளியாக நின்றது.

வாலிபர்களே! பதிவுபெற்ற ஸ்தாபனத்துக்காகவே கேளுங்கள். கொடுக்காத தோழனை நெருக்காதீர்கள். அவன் வீட்டு நிலை உங்களுக்குத் தெரியாது. திரண்டது எவ்வளவு, எதற்குச் செலவாயிற்று என்பதை ஸ்தாபனத்தாரிடம் விசாரித்து, கொடுத்தவரிடம் வந்து சொல்லுங்கள். பணம் உங்கள் கையில் படவில்லையே என்று ஒதுங்க வழியில்லை. உங்கள் முகத்தை நம்பித்தான் கொடுத்தார்கள். அந்த நம்பிக்கை உங்களிடமுள்ள அமானிதம்.

வியாபாரிகளாகிய நாமோ, பெயரை மறைத்துக் கொடுப்போம். கணக்கை வாய்திறந்து கேட்போம். வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தூய எண்ணத்தைத் தந்தருள்வானாக! ஆமீன்.