அருகே அழைத்துச் செல்லுதல்

'உபநயனம்' என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனத்தில் தோன்றுவது பூணூல் சடங்கு. அச்சொல்லின் நேர்ப்பொருளோ மிக எளியது: அருகே அழைத்துச் செல்லுதல். கற்க விழையும் சிறுவனை ஆசிரியரின் அருகே கொண்டு சேர்ப்பதே உபநயனம். அழைத்துச் செல்ல ஒருவரும் இல்லையெனில் சிறுவனின் ஆர்வம் கருகிப்போகிறது. ஆசிரியரின் அறிவும் அவனைப் பொறுத்தவரை பயனற்றதாகிறது.

சாந்தோக்கிய உபநிஷதம் கூறும் சத்தியகாமனின் கதை அனைவரும் அறிந்ததே. குருகுலம் செல்ல விரும்பிய அச்சிறுவன், தன் கோத்திரம் யாதெனத் தாய் ஜபாலையிடம் கேட்டான். இளமையில் பல இடங்களில் பணிசெய்து திரிந்தபோது அவனைப் பெற்றதாகவும், கோத்திரத்தைத் தான் அறியவில்லை என்றும் அவள் மறைக்காமல் சொன்னாள். அவன் அதையே கௌதம முனிவரிடம் ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னான். வாய்மையிலிருந்து வழுவாத அவனைக் கண்டு மகிழ்ந்த முனிவர், சமித்தைக் கொண்டுவரச் சொல்லி, அவனை மாணவனாக ஏற்றார்.

இன்றைய மொழியில் சொல்வதானால், சத்தியகாமனிடம் சான்றிதழ் இல்லை. கூலிவேலை செய்து வாழ்ந்த ஒரு தாயும், கற்க வேண்டும் என்ற வேட்கையும் மட்டுமே அவனிடம் இருந்தன.

அத்தகைய சிறுவர்களைக் காண நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில், ஆனேகல் வட்டத்தில் உள்ளது ஹெப்பகோடி. ராகி விளைந்த கிராமப்புறமாக இருந்த அப்பகுதி, பொம்மசந்திரா தொழிற்பேட்டையின் வரவால் நகரமாகிவிட்டது. 2025 ஆகஸ்டு முதல் மெட்ரோ ரயிலும் அங்கே ஓடுகிறது. வட கர்நாடகத்தின் வறண்ட கிராமங்கள், தமிழகம், ஆந்திரம், பீகார், ஒடிசா எனப் பல திசைகளிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தோர் இத்தகைய பகுதிகளில் கட்டடம் எழுப்புகின்றனர், தொழிற்சாலைகளில் உழைக்கின்றனர். தகரக் கொட்டகைகளில் வாழும் அவர்களின் பிள்ளைகள், ஒரு கட்டடம் முடிந்ததும் மற்றோர் இடத்திற்குப் பெயர்கின்றனர். ஊரில் படித்த பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் கையில் இராது. பிறப்புச் சான்றிதழும் இராது. வீட்டில் பேசும் மொழி ஒன்று, பள்ளியின் மொழி வேறொன்று. கிராமத்தின் வறுமை நகரத்தின் விளிம்பிற்கு வந்து நிற்கும் காட்சி இது.

2009-இல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் இப்பிள்ளைகளைப் பற்றித் தெளிவாகவே பேசுகிறது. ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள குழந்தைக்கு இலவசக் கல்வி உரிமை உண்டு. வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்பதும் அரசுப் பள்ளியில் சேர்க்காமலிருக்கக் காரணமாகாது. இடையில் நின்ற குழந்தையை அதன் வயதிற்குரிய வகுப்பில் சேர்த்து, பிறருக்கு இணையாக வரச் சிறப்புப் பயிற்சியும் அளிக்க வேண்டும். கோத்திரம் கேட்டுத் திருப்பியனுப்பாத கௌதமரின் உள்ளம் சட்ட வடிவம் பெற்றது போன்றது இது. ஆயினும் சட்டம் கதவைத் திறந்து வைக்குமே அன்றி, குழந்தையின் கையைப் பிடித்து அழைத்து வராது. விடியலில் வேலைக்குச் சென்று இரவில் திரும்பும் தந்தைக்கு இச்சட்டத்தை எடுத்துச் சொல்வோர் யார்?

இதே கர்நாடக மண்ணின் மன்னருக்குச் சுவாமி விவேகானந்தர் 1894 ஜூன் 23 அன்று சிகாகோவிலிருந்து ஒரு கடிதம் எழுதினார். கிராமந்தோறும் இலவசப் பள்ளி திறந்தாலும் ஏழைச் சிறுவர்கள் வரமாட்டார்கள், வயலில் தந்தைக்கு உதவவே செல்வார்கள் என்று மைசூர் மன்னர் சாமராஜேந்திர உடையாரிடம் அவர் எடுத்துக்காட்டினார். ஏழை கல்வியிடம் வர இயலாதபோது கல்வியே அவனிடம் செல்ல வேண்டும் என்பது அவரது முடிவு. ஊர் ஊராகச் செல்லும் துறவியர் நிலப்படங்களும் பூகோள உருண்டையும் எடுத்துச் சென்று, மாலைவேளையில் மக்களுக்குக் கற்பிக்கலாம் என வழியும் கூறினார். 2021-இல் தமிழக அரசு தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தில் தன்னார்வலர்கள் மாலைவேளையில் குடியிருப்புகளுக்கே சென்று கற்பித்தபோது, சுவாமிஜியின் அக்கருத்து வேறொரு வடிவில் செயல்பட்டதை நாம் கண்டோம்.

பள்ளியில் சேர்ந்துவிட்டால் போதுமா? இதற்கும் அதே உபநிஷதத்தில் விடை உள்ளது. சத்தியகாமன் பின்னாளில் தாமே ஆசிரியரானார். அவரிடம் உபகோசலன் என்ற மாணவன் பன்னிரண்டு ஆண்டுகள் அக்கினி வளர்த்துப் பணி செய்தான். பிற மாணவர்களின் கல்வியை நிறைவு செய்து அனுப்பிய சத்தியகாமர், இவனுக்கு மட்டும் உபதேசிக்கவில்லை. அவருடைய மனைவி அவனுக்காகப் பரிந்து பேசியும், ஒன்றும் சொல்லாமல் பயணம் புறப்பட்டார். மாணவன் துயரத்தால் உணவையும் மறுத்தான். பின்னரே அக்கினிகளும், திரும்பி வந்த ஆசிரியரும் அவனுக்கு உபதேசித்தனர். தாம் ஒருகாலத்தில் கனிவோடு ஏற்கப்பட்ட ஒருவரே தம் வாசலில் காத்திருந்தவனைக் காக்க வைத்தார் என்பதை உபநிஷதம் மறைக்கவில்லை.

நம் வகுப்பறைகளிலும் உபகோசலர்கள் பலர் அமர்ந்திருக்கின்றனர். 2024-ஆம் ஆண்டின் ஏசர் ஆய்வின்படி, கிராமப்புறங்களில் ஐந்தாம் வகுப்பில் பயில்வோருள் ஏறத்தாழப் பாதிப்பேரால்தான் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தது. எஞ்சியோர் ஆண்டுக்கணக்கில் அக்கினி வளர்த்தவர்கள், உபதேசம் பெறாதவர்கள்.

இதற்கு மாற்று உண்டு. 1995-இல் மைசூர் மாவட்டத்தின் ஹெக்கடதேவன கோட்டை வட்டத்தில் 'நலி கலி' என்ற முறை தொடங்கியது. மகிழ்ந்து கற்றல் என்பது அதன் பொருள். ரிஷிவேலியின் கிராமப் பள்ளிகளைக் கண்டுவந்த அரசுப் பள்ளி ஆசிரியர்களே அதனை உருவாக்கினர். பாடம் சிறு சிறு அட்டைகளாகப் பிரிக்கப்படும். குழந்தை தன் வேகத்தில் ஒரு படியைக் கற்றபின் அடுத்த படிக்குச் செல்லும். பின்தங்கியவன் என்று எவனும் ஒதுக்கப்படுவதில்லை. தமிழகத்தின் செயல்வழிக் கற்றலும் அந்த ரிஷிவேலி ஊற்றிலிருந்து வந்ததே.

இவ்விடத்தில் சிலர், "அக்குழந்தை வறுமையில் பிறந்தது அதன் பிராரப்தம், நாம் என்ன செய்வது?" என்பர். வினைக் கொள்கை நம் செயலை நாமே சீர்தூக்குவதற்குத் தரப்பட்டது. பிறர் துன்பத்திற்குத் தீர்ப்பு எழுதுவதற்கு அன்று. ஒரு குழந்தை நம் கண்ணெதிரே கல்வியின்றி நின்றால், அது அவ்வேளையில் நமக்கு வாய்த்த கடமை. அதை விலக்கிவிட்டு நடந்தால், அவ்விலகல் நம் வினைக்கணக்கில் சேரும். எல்லா உயிரிலும் ஒரே ஆன்மா ஒளிர்கிறது என்று நம்புவோர், அந்த ஒளி வெளிப்படும் வழியை அடைத்து வைக்க எவ்வாறு மனம் கொள்வர்?

ஆதலின் அன்பர்களே, நோட்டுப் புத்தகம் வழங்கிப் புகைப்படம் எடுப்பதோடு நம் சேவை நின்றுவிட வேண்டாம். உங்கள் தெருவில் வீடு கட்டுவோரின் பிள்ளை பள்ளி செல்கிறதா என்று கேளுங்கள். இல்லையெனில், அதன் பெற்றோருடன் ஒருநாள் காலை அருகிலுள்ள அரசுப் பள்ளிக்குச் செல்லுங்கள். சான்றிதழ் இல்லை என்ற பேச்சு எழுந்தால், சட்டத்தைப் பணிவுடன் எடுத்துச் சொல்லுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பதை அத்தாய்மார்களுக்குத் தெரிவியுங்கள். அவர்கள் அங்கே அமர்ந்து பேசத் துணை நில்லுங்கள். மாலையில் ஒரு மணி நேரம் அக்குழந்தைகளுடன் அமர்ந்து வாசியுங்கள். அடுத்த மாதமும், அதற்கடுத்த மாதமும் வாசியுங்கள்.

கௌதமர் சத்தியகாமனுக்குச் செய்தது பெரும் தானம் அன்று; வந்தவனைத் திருப்பியனுப்பாமல் அருகே சேர்த்துக்கொண்டதே. அவ்வாறு ஒரு குழந்தையையேனும் கல்வியின் அருகே அழைத்துச் செல்லும் நற்பேற்றை இறைவன் நம் ஒவ்வொருவருக்கும் அருள்வானாக!