வளைகிறவர்கள் கணக்கு

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். கோவில்பட்டியில் இன்ஜினீயரிங் முடித்துவிட்டுச் சென்னையில் வேலை பார்க்கும் அக்கா மகன், திண்ணையில் லேப்டாப்பும் கையுமாக உட்கார்ந்திருந்தான். எட்டிப் பார்த்தேன். திரையில் ஒரு ஆஸ்பத்திரி. சுவர்களே இல்லாமல் எலும்பும் நரம்பும் மட்டும் தெரிய நின்றது. நீல நிறத்தில் தண்ணீர்க் குழாய், பச்சையில் ஏ.சி. காற்று போகிற தகரக் கூடு, மஞ்சளில் கரண்ட் வயர்.

"எங்கடா இருக்கு இந்தக் கட்டடம்?"

"இன்னும் எங்கயும் இல்ல மாமா. இனிமேதான் துபாய்ல கட்டப்போறாங்க."

இதற்கு பி.ஐ.எம். என்று பெயராம். பில்டிங் இன்ஃபர்மேஷன் மாடலிங். நான் பி.காம். படித்தவன். எனக்குப் புரிகிற மாதிரி சொல்லு என்றேன். சொன்னான்.

பெரிய கட்டடம் என்றால் ஆர்க்கிடெக்ட் ஒரு படம் போடுவார். தூண், பீம் போடுகிறவர் வேறொரு படம். குழாய்க்காரர் ஒன்று, கரண்ட்காரர் ஒன்று. எல்லோரும் முதன்முதலாகச் சந்திப்பது கட்டடத்தில்தான். கான்கிரீட் இறுகிய பிறகு, பீம் இருக்கிற இடத்தில்தான் குழாய் போகவேண்டும் என்று தெரியவரும். அப்புறம் என்ன... உளியும் சுத்தியலும்தான். பி.ஐ.எம்.மில் எல்லாப் படங்களும் ஒரே மாதிரிக் கட்டடத்துக்குள் வந்துவிடுகின்றன. ஒரே இடத்துக்கு இரண்டு பொருட்கள் போட்டி போட்டால், அங்கே சிவப்பு எரியும். கட்டுவதற்கு முன்பே, கம்ப்யூட்டருக்குள்ளேயே சண்டையைத் தீர்த்துக்கொள்ளலாம்.

பிரிட்டனில் மத்திய அரசுப் பணம் போகும் கட்டுமானங்களுக்கு 2016 முதல் இது கட்டாயம். நம் ஊரைப் போலவே கரிசல் மண் உள்ள நாக்பூரில், 2015-ல் வேலை தொடங்கி 2019 மார்ச்சில் ஓட ஆரம்பித்த மெட்ரோவுக்கும் இதைத்தான் பயன்படுத்தினார்கள். நீளம், அகலம், உயரத்தோடு காலத்தையும் செலவையும் சேர்த்து, ஐந்து பரிமாணம் என்று பெயர் வைத்தார்கள்.

எல்லாம் சரி. சிவப்பு எரிந்தாயிற்று. இரண்டில் யார் நகர்வது?

"அதை கம்ப்யூட்டர் சொல்லாது மாமா. மீட்டிங் போட்டு நாமதான் முடிவு பண்ணணும். பீம் நகராது, அது கட்டடத்தையே தாங்குது. கழிவுநீர்க் குழாய்க்கு வாட்டம் வேணும், அதுவும் நகராது. ஏ.சி. கூடு பெருசு, லேசுல நகராது. கடைசியில வயரை நகர்த்துவோம்."

"ஏன்?"

"ஏன்னா அது வளையும்."

சாதாரணமாகத்தான் சொன்னான். எனக்குத்தான் சுருக்கென்றது.

இந்த 'யார் நகர்வது' என்பது சின்ன விஷயம் இல்லை. ஜெர்மனிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் நடுவே லாஃபன்பர்க் என்ற ஊரில், ரைன் நதி மேல் ஒரு பாலம் கட்டினார்கள். கடல்மட்டத்தை இரண்டு நாடுகளும் வேறு வேறு கடலிலிருந்து கணக்கிடுகின்றன. வித்தியாசம் 27 சென்டிமீட்டர். அது இரண்டு பக்கத்து இன்ஜினீயர்களுக்கும் முன்பே தெரியும். ஆனால் கூட்டவேண்டியதைக் கழித்துவிட்டார்கள். 2003-ல் பார்த்தால், 54 சென்டிமீட்டர் இடிக்கிறது! எவ்வளவு என்பதில் தகராறே இல்லை. எந்தப் பக்கம் என்பதில்தான் கோட்டை விட்டார்கள். கடைசியில் ஜெர்மன் பக்கத்தைத் தாழ்த்திச் சரிசெய்தார்கள்.

வளைகிறது வளையட்டும் என்ற விதி, கட்டடத்துக்கு நியாயமானதுதான். சாக்கடையை மேல்நோக்கி ஓடச்சொல்ல முடியாது. வீட்டுக்கும் ஆபீசுக்கும் இதே விதியைத்தானே வைத்திருக்கிறோம்? 'அவர் கோபக்காரர், நீதான் அனுசரிச்சுப் போகணும்.' 'பெரியவன் பிடிவாதக்காரன், சின்னவன் தங்கமான பிள்ளை, சொன்னா கேட்பான்.' வளையமுடியாதவனும் வளையமாட்டேன் என்பவனும் ஒன்றா? பீம் நகராததற்குக் காரணம் பாரம். சில மனிதர்கள் நகராததற்குக் காரணம் குரல். நாம் இரண்டுக்கும் ஒரே மரியாதை கொடுத்துவிடுகிறோம்.

மருமகன் இன்னும் இரண்டு விஷயம் சொன்னான். ஒன்று, வயர்தானே என்று இஷ்டத்துக்கு வளைக்கக் கூடாது. ஒவ்வொரு கேபிளுக்கும் இவ்வளவுதான் வளைக்கலாம் என்று அளவு உண்டு. மீறினால் உள்ளே காயம்படும், வெளியே தெரியாது. இரண்டு, எது எதற்காக, என்றைக்கு, யார் சொல்லி நகர்ந்தது என்று எல்லாமே பதிவாகிவிடும்.

பதிவு என்றதும் பி.காம். மூளை விழித்துக்கொண்டது. ஒரு பக்கம் வரவு என்றால், இன்னொரு பக்கம் பற்று இருந்தே ஆகவேண்டும். எங்கள் கல்லூரியில் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அது.

என் பி.காமுக்கு ஒரு பற்று உண்டு. அக்கா என்னைவிட இரண்டு வயது மூத்தவள். பிளஸ் டூவில் என்னைவிட நல்ல மார்க். அந்த வருஷம் மழை பொய்த்து, பருத்தி கையைக் கடித்துவிட்டது. ஒருத்தரைத்தான் காலேஜுக்கு அனுப்பமுடியும் என்ற நிலை. "அவ புரிஞ்சுக்கிடுவா" என்றார் அப்பா. அக்கா புரிந்துகொண்டாள். தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போனாள். நான் இரண்டு வருஷம் கழித்துக் காலேஜுக்குப் போனேன். யார் வளைவார்கள் என்று எங்கள் வீட்டில் யாரும் மீட்டிங் போடவில்லை. அவள் ஏற்கெனவே வளைந்து நின்றதால், சிவப்பே எரியவில்லை.

கரிசல் மண்ணையும் அப்படித்தான் நினைத்துவிடுவோம். மிதித்தால் அமுங்குகிற மண். கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும், ஒரு சத்தமும் போடாது. மழை பெய்யட்டும், உப்பிக்கொண்டு எழுந்து வீட்டையே தூக்கும், சுவர் விரியும். எங்கள் வீட்டுக்கு வானம் தோண்டிய கொத்தனார் சொல்வார்: "கரிசலு சும்மா கெடக்குன்னு நெனைச்சிராதீக தம்பி. அது கணக்கு வச்சிருக்கும்."

1950-களில் ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இதற்கு ஒரு வழி கண்டது. மண் அசைகிற ஆழத்தையும் தாண்டி இறங்கி, அடியில் குடம்போல அகன்று உட்காருகிற அஸ்திவாரம். அதில் எனக்குப் பிடித்தது, அதன் மேலே ஓடும் பீமைத் தரையில் உட்காரவைக்காததுதான். பீமுக்கும் மண்ணுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி விடுகிறார்கள். மண் எழும்போது எழுவதற்கு, அதற்கென்று ஓர் இடம்.

அன்றைக்குச் சாயங்காலம் அக்காவிடம் கேட்டேன். "காலேஜுக்குப் போகணும்னு உனக்கு ஆசை இருந்துச்சா அக்கா?"

"இப்ப எதுக்குலே அதெல்லாம்? காபி ஆறுது, குடி" என்றாள். உள்ளே போனவள், நிலைப்படியில் நின்று திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "இருந்துச்சு. நீ இப்பதான கேக்க."

கேட்க எனக்கு இருபத்தைந்து வருஷத்துக்கும் மேல் ஆகியிருக்கிறது. உங்கள் வீட்டிலும் ஒரு வயர் இருக்கும். இன்றைக்கே கேட்டுவிடுங்கள்.