யாரும் இடாத வாக்கு

இருவரின் உரிமை சமமாக நிற்கையில் சீட்டுப் போட்டு ஒருவரைத் தேர்வது தெய்வத்தின் தீர்ப்பைக் கேட்பதாகுமா, அல்லது தீர்ப்பளிக்க மனிதரிடம் காரணம் ஏதும் மிஞ்சவில்லை என்று ஒப்புக்கொள்வது மட்டும்தானா என்னும் கேள்வி கிறித்தவ இறையியலில் மிகப் பழமையானது. யூதாசு விட்டுச்சென்ற இடத்துக்கு மத்தியா சீட்டின் வழியே தேர்ந்தெடுக்கப்பட்டதை விவிலியத்தின் திருத்தூதர் பணிகள் நூல் கூறுகிறது. இதனால், இங்கிலாந்துத் திருச்சபையை மேலும் தூய்மைப்படுத்த முனைந்த பியூரிட்டன்களுள் பலர், சீட்டு இறைவனை நேரே சாட்சிக்கு அழைப்பதாகும் என்றும், விளையாட்டுக்கும் சூதுக்கும் அதைக் கையாள்வது அவன் பெயரை வீணே எடுப்பதற்கு ஒப்பாகும் என்றும் கண்டித்தனர். ராதர்ஹைத் பங்கின் குருவான தாமஸ் கேட்டக்கர் 1619இல் வெளியிட்ட நூலில் இதை மறுத்தார்: உலகில் நிகழும் மற்றெல்லாவற்றிலும் எவ்வளவு தெய்வச் செயல் உண்டோ அவ்வளவே சீட்டிலும் உண்டு, ஆகவே எப்படி முடிந்தாலும் கேடில்லாத காரியங்களில் அதைக் கையாளலாம் என்பது அவர் வாதம்.

அந்த நிபந்தனையைச் சோதித்துப் பார்க்க, அதே நாட்டில் 2017 மே மாதம் நடந்த ஓர் உள்ளாட்சித் தேர்தல் உதவுகிறது. நார்தம்பர்லாந்து கவுண்டி மன்றத்தில் அப்போதிருந்த 67 இடங்களில் அறுதிப் பெரும்பான்மைக்கு, அதாவது பிறர் துணையின்றி ஆள்வதற்கு, 34 இடங்கள் வேண்டியிருந்தன. கன்சர்வேட்டிவ் கட்சி 33 இடங்களைப் பிடித்திருந்தது. தெற்கு பிளைத் தொகுதியில் அக்கட்சி வேட்பாளரும் லிபரல் டெமாக்ரட் வேட்பாளரும் தலா 356 வாக்குகள் பெற்றிருந்தமையால் இருவரும் துரும்பு இழுக்க, நீளமான துரும்பு லிபரல் டெமாக்ரட்டின் கையில் வந்தது. கன்சர்வேட்டிவ் கட்சி சிறுபான்மை நிர்வாகமாகவே பொறுப்பேற்றது.

வேட்பாளர் இருவரை மட்டும் நோக்கினால் கேட்டக்கரின் நிபந்தனை நிறைவேறிவிடுகிறது. ஆனால் வரியும் பள்ளியும் சாலையும் யார் கையில் என்பதே அத்துரும்பில் தொங்கியபோது, எப்படி முடிந்தாலும் ஒன்றுதான் என்று எவரும் சொல்லியிருக்க முடியாது. எனினும் விளைவின் பருமனை இங்கே எடைபோடுவது தவறு என்றே தோன்றுகிறது. எந்தக் கட்சி ஆண்டால் நல்லது என்று தேர்தல் அலுவலர் ஒரு கணம் எண்ணிப் பார்த்தாலும், அக்கணமே அவர் நடுவராக இராமல் கட்சிக்காரராகிவிடுகிறார். மேலும், பெரும்பான்மையைத் தடுத்தது துரும்பு மட்டுமன்று. கன்சர்வேட்டிவ் கட்சி தோற்ற மற்ற ஒவ்வொரு இடமும் அதே அளவுக்கு அதைத் தடுத்தது. இறுதியில் வந்ததால் துரும்பு மட்டும் கண்ணில் பட்டது.

உறுத்தல் வேறோரிடத்தில் இருக்கிறது. சீட்டு யார் மேல் விழுகிறதோ அவர் ஒரு வாக்குக் கூடுதலாகப் பெற்றதாகக் கொள்ளவேண்டும் என்று அந்நாட்டுத் தேர்தல் விதி கூறுகிறது. இந்த 357ஆம் வாக்கை இட்டவர் எவருமில்லை. தெய்வம் இட்டதென்று சொல்லச் சட்டத்துக்கு நம்பிக்கையில்லை, தற்செயலால் முடிந்ததென்று சொல்ல மனமுமில்லை. ஆகவே வாக்காளர்தாம் முடிவு செய்தனர் என்ற தோற்றத்தை ஒரு கற்பனை வாக்கைக் கொண்டு அது காப்பாற்றிக்கொள்கிறது. சீட்டைச் சீட்டாகவே ஏற்கத் துணிந்த கேட்டக்கருக்கு அந்தத் திரை தேவைப்பட்டிருக்காது.