சந்துக்காரர்களின் பணம்

தெருச் சாக்கடைக்கு அந்தத் தெருக்காரர்களிடமே பணம் கேட்பது அறமா? பாகிஸ்தானின் கராச்சி நகரிலுள்ள ஒராங்கி என்ற ஏழைகள் குடியிருப்பில் 1980-இல் அக்தர் ஹமீத் கான் தொடங்கிய முன்னோடித் திட்டம் இந்தக் கேள்வியை நேராகச் சந்தித்தது. திட்டம் மானியம் தரவில்லை. வரைபடமும் தொழில்நுட்ப யோசனையும் கருவிகளும் தந்தது. இருபது முப்பது வீடுகள் கொண்ட ஒவ்வொரு சந்தும் தனக்கொரு பொறுப்பாளரைத் தேர்ந்தெடுத்தது. அவர் வீடு வீடாகப் பணம் திரட்டினார். கழிப்பறையும் சந்துக் குழாயும் மக்கள் செலவு; பெருங்கால்வாயும் சுத்திகரிப்பும் அரசின் கடமை. ஒப்பந்தக்காரரின் லாபமும் கையூட்டும் விலகியதால், அரசு போடும் மதிப்பீட்டில் ஒரு சிறு பங்கிலேயே வேலை முடிந்தது.

வசதியானவர்களின் பேட்டைக்கு அரசே குழாய் பதிக்கும்போது கூலிக்காரர் மட்டும் ஏன் கொடுக்க வேண்டும்? மறுப்பு வலுவானது, அநீதியும் உண்மை. ஆனால் ஒராங்கி அரசை விடுவிக்கவில்லை. எது அரசின் வேலை என்று கோடு போட்டுக் காட்டியது. வெளியார் நன்கொடையில் வந்த குழாய்க்கு நன்றி சொல்லத்தான் முடியும். சொந்தப் பணத்தில் வந்ததற்குக் கணக்குக் கேட்கலாம். வள்ளுவர், இல்லாதவருக்குக் கொடுக்கும் ஈகைக்கு முன்பே, ஊரோடு பகிர்ந்து வாழும் ஒப்புரவுக்குத் தனி அதிகாரம் வைத்தார். இரண்டும் வேறு அறங்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். கொடுக்கவே இயலாத வீடு இருந்தால், அதன் பங்கைச் சந்து சுமப்பதுதான் ஒப்புரவு.

தமிழ்நாட்டின் ‘நமக்கு நாமே’ திட்டமும் மக்கள் பங்களிப்பைக் கேட்கிறது. அந்தப் பங்கை ஒரே செல்வந்தரிடம் வாங்கி முடித்துவிடாதீர்கள். சிறு தொகையானாலும் எல்லா வீடுகளிலும் கேளுங்கள். வரவு செலவைத் தெருமுனையில் ஒட்டுங்கள்.